ஒடியற் கூழிலிருந்து இறாத்தல் பாண் வரை: ஈழத்துத் தமிழரின் அன்றாட உணவு பற்றிய சமூக வரலாற்றுக் குறிப்புகள்

அண்மைக் காலத்தில் நமது பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அடிக்கடி கேட்கப்படும் கூற்றொன்றுண்டு. நம் முன்னோர் உணவையே மருந்தாகக் கொண்டு வாழ்ந்தனர் என்றும், குரக்கனும் ஒடியலும் கைக்குத்தரிசியும் உண்டு நோயற்றிருந்தனர் என்றும், பாணும் சீனியும் பொரித்த பண்டங்களும் வந்து சேர்ந்த பின்னரே சீனி வருத்தமும் இரத்த அழுத்தமும் நம்மைப் பீடித்தன என்றும் அக்கூற்று அமையும். இதன் பிற்பாதியில் உண்மை உண்டு. முற்பாதியே ஆராயப்பட வேண்டியது. முன்னோர் எனப்படுவோர் யாவர்? நிலமுடையோரா, அந்நிலத்தை உழுதோரா? உரலில் மா இடித்தவரா, இடித்த மாவிலே சமைத்ததை முதற் பந்தியில் அமர்ந்து உண்டவரா? ஒரு சமூகத்தின் உணவை அச்சமூகத்தின் வர்க்க, சாதி, பால் வேறுபாடுகளிலிருந்து பிரித்தெடுத்து, அனைவர்க்கும் பொதுவான ‘பாரம்பரியம்’ என ஒன்றாக்கிவிடும்பொழுது, வரலாறு மறைந்து ஐதீகம் தோன்றுகின்றது.

பசி உடலுக்கு இயல்பானது. ஆனால் அது எதனால், எவ்வாறு, யாருடன் அமர்ந்து தீர்க்கப்படுகின்றது என்பது வரலாற்று நிலைப்பட்டது. மார்க்ஸ் வற்புறுத்திய இக்கருத்து உணவு பற்றிய ஆய்வுக்கு அடிப்படையாகக் கொள்ளத்தக்கது. 1845 இல் வெளியான எங்கெல்சின் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூல், கூலி குறையக் குறைய ஒரு குடும்பத்தின் தட்டிலிருந்து முதலில் இறைச்சி நீங்குவதையும், ஈற்றில் உருளைக்கிழங்கே எஞ்சுவதையும் படிப்படியாகக் காட்டியது. கலப்படம் பற்றி அந்நூலில் வரும் பகுதி இன்றும் படிக்கத்தக்கது. இக்கட்டுரை அத்தகைய பெருமுயற்சியன்று. ஈழத்துத் தமிழ் மக்கள் அன்றாடம் உண்டவை எவ்வெக் காரணங்களால் மாறின, அம்மாற்றங்கள் அவர்தம் உடல்நலத்தை எவ்வாறு பாதித்தன என்பன பற்றிய சில குறிப்புகளை முன்வைப்பதே இதன் நோக்கம்.

தமிழிலக்கியத்தின் மிகப் பழைய அடுக்கிலேயே உணவு வேறுபாடு துலாம்பரமாகத் தெரிகின்றது. பொருநராற்றுப்படையில் வள்ளலின் அவையை அடைந்த கலைஞன் இரவும் பகலும் இறைச்சி தின்று பற்கள் மழுங்கி நிற்கின்றான். பட்டினப்பாலையில் அறச்சாலைகளிலிருந்து வடிந்த சோற்றுக் கஞ்சி தெருவிலே ஆறாக ஓடுகின்றது. சிறுபாணாற்றுப்படையிலோ, புரவலனைக் காணுமுன் அதே கலைஞர் குடும்பத்தின் அடுக்களையிற் காளான் பூத்திருக்கின்றது. குட்டியீன்ற நாய் பசியாற் குரைக்கின்றது. குப்பையிற் கிள்ளிய கீரையை உப்புமின்றி அவித்து, அயலார் காணாவண்ணம் கதவையடைத்து உண்கின்றனர். அக்கதவடைப்பு மிக முக்கியமானது. வறுமை மாத்திரமன்று, வறுமை பற்றிய நாணமும் அங்கு பதிவாகியுள்ளது. உணவு சமூக மதிப்பின் அளவுகோலாகிவிட்ட ஒரு சமூகத்திலேயே இந்நாணம் தோன்ற முடியும். சங்க காலத் தமிழர் திணைக்கேற்ற சீருணவு உண்டனர் எனப் பாடநூல்கள் எழுதும்பொழுது இவ்வடுக்களையை ஏனோ தவிர்த்து விடுகின்றன.

இனி யாழ்ப்பாணக் குடாநாட்டை நோக்குவோம். ஆறில்லாத, கிணற்று நீரை நம்பிய, மக்கட்செறிவு மிக்க இந்நிலத்தில் நெல் என்றும் போதுமான அளவு விளைந்ததில்லை. ஒல்லாந்தர் காலந்தொட்டுச் சிறந்த தோட்ட நிலங்களிற் புகையிலை பயிரிடப்பட்டுத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. அதில் வந்த பணத்தைக் கொண்டு அரிசி வாங்கப்பட்டது. அதாவது, பண்டைய தன்னிறைவுக் கிராமம் எனச் சிலர் எண்ணும் யாழ்ப்பாணக் கிராமம், ஐரோப்பியர் வருகைக்குப் பிந்திய இரு நூற்றாண்டுகளாகவேனும் சந்தைக்குப் பயிரிட்டுச் சந்தையில் உணவு வாங்கிய கிராமமாகும். நமது ‘பாரம்பரிய’ கறித்தூளின் உயிர்நாடியான மிளகாயும், பஞ்சகாலங்களில் வயிற்றை நிரப்பிய மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியரின் கப்பல்களில் வந்தவையே என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் நன்று.

அரிசி வாங்க இயலாதவர்க்குப் பனை இருந்தது. பனம்பாத்தியிற் கிண்டியெடுத்த கிழங்கைப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். பழத்தின் களியைப் பாயிற் காயவைத்தாற் பினாட்டு. பதநீரைக் காய்ச்சினாற் பனங்கட்டி. ஆண்டின் பெரும்பகுதிக்கு ஏழைக் குடும்பங்களைத் தாங்கி நின்றவை இவை. இப்பொருள்கள் ஒவ்வொன்றின் பின்னும் சாதியமைப்பினால் மரமேறும் தொழிலோடு பிணிக்கப்பட்ட மக்களின் உழைப்பு உண்டு. மரம் ஒருவருடையது, ஏறுபவர் வேறொருவர் என்பதே பொது வழக்காயிருந்தது. இவ்வுணவுகள் மதிப்புக் குறைந்தனவாகவே கருதப்பட்டன. விருந்தினருக்கு ஒடியற் பிட்டு வைப்பது வீட்டுக்காரர்க்கு இழுக்கு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய ஆடிப்பிறப்புப் பாடல் கூழையும் கொழுக்கட்டையையும் நம் பண்பாட்டுச் சின்னங்களாக்கியது உண்மையே. ஆனால் அப்பாடலிற் காணப்படுவது அரிசிமாவும் பயறும் தேங்காயும் சேர்ந்த பண்டிகைக் கூழ். கடற்றொழிலாளர் குடும்பங்கள் அன்றன்று அகப்பட்ட மீனையும் நண்டையும் இட்டுக் காய்ச்சிய ஒடியற் கூழ் அன்று. இன்று புலம்பெயர்ந்தோரின் விருந்துகளில் இடம்பெறுவது அப்பின்னையதே.

ஒடியல் மாவைப் பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். 1971 இற் பேராதனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பனங்கிழங்கு மாவை எலிகளுக்கு உணவாகக் கொடுத்துப் பார்த்தபொழுது அவற்றின் ஈரல் பாதிக்கப்பட்டதைக் கண்டனர். இயற்கையானது அனைத்தும் நன்மையானது என்பார்க்கு இது உவப்பான செய்தியன்று. எனினும் நம் பெண்கள் ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துப் பலமுறை பிழிந்து கசப்பு நீரை அகற்றிய பின்னரே கூழுக்கும் பிட்டுக்கும் எடுத்தனர் என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். மரவள்ளியோடு இஞ்சி சேரக்கூடாது என்னும் நாட்டு நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரமுண்டோ, மரவள்ளியில் நஞ்சுண்டு என்னும் அறிவு அதனுள்ளே இருக்கின்றது. இவ்வறிவு ஏட்டிலிருந்து வந்ததன்று. பஞ்சத்தில் எதையேனும் உண்ண நேர்ந்தோர் தம் உடலைப் பணயம் வைத்துப் பெற்றது.

புழுங்கலரிசியின் கதை இதனிலும் சுவையானது. தமிழரிடையே பச்சையரிசி பொங்கலுக்கும் படையலுக்கும் உரிய தூய அரிசி. புழுங்கல் அன்றாடச் சோற்றுக்குரியது. இப்படிநிலையில் தாழ்ந்த புழுங்கலே உடலுக்கு உகந்தது என்பது மலாயாவில் தெரியவந்தது. ஆலைகளிற் தீட்டிய வெள்ளையரிசி பரவியதோடு பெரிபெரி என்னும் கால் வலுவிழக்கும் நோய் தென்கிழக்காசியா எங்கும் பரவிற்று. நோயின் பெயரே ‘இயலாது, இயலாது’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பர். பத்தாவியாவில் 1890களில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், வெள்ளைச்சோறு தின்ற கோழிகள் நோயுற்றதைக் கண்டார். அதற்காக அவருக்கு 1929 இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மலாயாவிலோ, சீனச் சுரங்கத் தொழிலாளர் பெரிபெரியால் மடிகையிற் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் தப்பியதை மருத்துவர் பிரடன் கவனித்தார். சீனர் உண்டது சீயம் நாட்டு வெள்ளையரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல். அவரது நூல் 1907 இல் வெளியாயிற்று. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்து நடத்தப்பட்ட சோதனையும் அதனையே காட்டியது. அச்சோதனைக்கு அந்நோயாளரின் சம்மதம் கேட்கப்பட்டிராது என்பதை ஊகிக்கலாம். நெல்லைப் புழுக்கும்பொழுது உமிக்கடுத்த படையிலுள்ள விற்றமின் உள்ளே இறங்கித் தங்கிவிடுவதே இதன் காரணம் எனப் பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஆக, தமிழ்க் கூலியாள் தப்பியது முன்னோர் மருத்துவ ஞானத்தாலன்று. தூய்மைப் படிநிலையின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டிருந்த அரிசி அவன் உயிரைக் காத்தது.

இந்நூற்றாண்டு மாற்றத்தையொட்டியே உணவு பற்றிய ‘விஞ்ஞானம்’ தோன்றியது. அது தன் காலத்துக் கருத்துநிலைகளிலிருந்து விடுபட்டிருக்கவில்லை. குன்னூரில் 1920களில் மக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதியினரின் உணவுகளைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைப் பெற்றவை கொழுத்து வளர்ந்தன. சென்னை மாகாணத்தார் உணவைப் பெற்றவை நலிந்தன. சோதனை நேர்மையானதே. அதன் தலைப்பில்தான் பிழை. பஞ்சாபின் நிலமுடைய உழவனின் உணவையும் சென்னை மாகாண ஏழையின் உணவையும் ஒப்பிட்டுவிட்டு, அதனை இனத்துக்கும் இனத்துக்குமுள்ள வேறுபாடாகக் காட்டினர். தஞ்சாவூர் மிராசுதாரின் உணவை ஓர் எலிக்கூட்டத்துக்குக் கொடுத்திருப்பின் முடிவு வேறாயிருந்திருக்கும். இன்று ‘தமிழர் அரிசி உண்பதால் நீரிழிவு’ என வானொலியில் விளக்கும் மருத்துவர் சிலரும் அறிந்தோ அறியாமலோ மக்கரிசனின் தலைப்பையே பின்பற்றுகின்றனர்.

மலையகத் தோட்டங்களுக்கு வருவோம். கோப்பிக் காலத்திலிருந்தே தொழிலாளரின் உணவு அவரது கையில் இருக்கவில்லை. துரைத்தனத்தார் இறக்குமதி செய்த அரிசி, கங்காணியின் கணக்கு வழியாக, கூலியிற் கழிக்கப்பட்டு வழங்கப்பட்டது. என்ன அரிசி, எவ்வளவு, என்ன விலை என்பவற்றைத் தீர்மானித்தது தோட்டக் களஞ்சியம். பூச்சியரித்த அரிசியும் அரிசியே, கழிவு அதேதான். இரண்டாம் உலகப் போரின்பொழுது அரிசி அருகவே கோதுமை மா இடம்பிடித்தது. அதன் பின் லயங்களின் காலையுணவும் பகலுணவும் மா ரொட்டியாயிற்று. வேலைக்குச் செல்லும் பெண் விடியுமுன் எழுந்து, விறகடுப்பிற் தட்டியெடுத்து, ஒரு சம்பலோடு கட்டிக்கொண்டு மலையேறுவதற்கு வசதியானது அது. சோறு ஆக்க நேரம் வேண்டும், கறி வேண்டும். ரொட்டி பசியை நெடுநேரம் அடக்கும்; தேநீர் அதனை இன்னும் சற்று நேரம் அடக்கும். உலகுக்கு நல்ல தேயிலையை அனுப்பிய தொழிலாளிக்குக் கிடைத்தது தூள். உணவோடு பருகும் தேநீர் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும் என்பது இன்று நன்கறிந்த உண்மை. கொழுந்து பறிக்கும் பெண்களின் இரத்தச் சோகையைப் பற்றிப் பேசுவோர் இதனையும் கருதவேண்டும். மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985 இல் வெளியிட்ட நூலில், கரும்புத் தோட்ட அடிமையின் உழைப்பிற் பிறந்த சீனி, ஆங்கிலத் தொழிலாளியின் தேநீர்க் கோப்பையிற் கரைந்து அவனுக்கு மலிவான வெப்பத்தையும் தெம்பையும் தந்ததை விளக்கினார். நமது மலையகத்தில் அவ்விரு முனைகளும் ஒரே உடலிற் சந்தித்தன.

நோயும் பசியும் பிரிக்கவியலாதன என்பதை இலங்கையின் இடதுசாரி இயக்கம் தன் பிறப்பின்பொழுதே கற்றுக்கொண்டது. 1934–35 இற் பரவிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழை பொய்த்து விளைச்சலும் பொய்த்திருந்த காலமது. நிவாரணத்துக்குச் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், கொயினாவை மாத்திரம் கொடுத்துப் பயனில்லை என்பதைக் கண்டனர். காய்ச்சலைத் தாங்கும் உடலே அங்கிருக்கவில்லை. ஆதலின் அவர்கள் மாமைற்றை நாட்டு வைத்தியரின் குளிகைபோல் உருட்டிக் கொடுத்தனர், பருப்பைப் பங்கிட்டனர். என். எம். பெரேராவைக் கிராமத்தவர் ‘பருப்பு மாத்தையா’ என்று அழைத்தது இதனாலேயே. இலங்கையின் முதலாவது மார்க்சியக் கட்சி அதே 1935 இல் உருவானது.

1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நாட்டின் அரிசித் தேவையின் அரைவாசிக்கு மேற்பட்ட பங்கு அதுவரை கடல்கடந்தே வந்தது. அவ்வாண்டிலேயே பங்கீட்டு முறை புகுத்தப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ நான்கு தசாப்தங்கள் இந்நாட்டுச் சாதாரண மனிதனின் உணவு வரலாறு கூப்பன் புத்தகத்தில் எழுதப்பட்டது எனலாம். சங்கக்கடையின் முன் நிற்கும் வரிசை நமது சிறுகதைகளில் மீண்டும் மீண்டும் வருவது தற்செயலன்று. 1953 யூலையில் டட்லி சேனநாயக்க அரசாங்கம் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கிய இலவச மதியவுணவையும் நிறுத்தியது. ஓகஸ்ற் 12 ஆந் திகதி ஹர்த்தால் நிகழ்ந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. ஒக்டோபரிற் பிரதமர் பதவி விலகினார். இலங்கைத் தொழிலாளரும் விவசாயிகளும் ஓர் அரசாங்கத்தை அசைத்த அந்நாளின் காரணம் ஒரு கொத்து அரிசியின் விலை.

அரிசியிற் கைவைப்பது ஆபத்தானது என்பதை உணர்ந்த ஆளும் வர்க்கம் கோதுமை மாவின்பால் திரும்பியது. ஐக்கிய அமெரிக்காவில் 1954 இல் நிறைவேற்றப்பட்ட பொதுச்சட்டம் 480, அந்நாட்டுப் பண்ணையாளரின் மிகைத் தானியத்தை ஏழை நாடுகளுக்குத் தள்ளும் வழியைத் திறந்துவிட்டது. நீண்ட தவணைக் கடனில் வரும் மா, அந்நியச் செலாவணியை உடனே விழுங்காத மா, ஆட்சியாளருக்கு வரப்பிரசாதமாயிற்று. 1966 இன் இறுதியில் கூப்பன் அரிசி இரு கொத்திலிருந்து ஒன்றாக வெட்டப்பட்டபொழுது விடுபட்ட இடத்தைப் பாண் நிரப்பியது. கோதுமை ஒரு மணியும் விளையாத நாட்டில் அதிகாலை தோறும் போறணைகள் எரிந்தன. ‘பாண்’ என்பதும் ‘போறணை’ என்பதும் ‘விசுக்கோத்து’ என்பதும் போர்த்துக்கேயர் தந்த சொற்கள். ஆயினும் அவை ஏழையின் சொற்களானது போர்த்துக்கேயர் காலத்தில் அன்று, அமெரிக்க மாவின் காலத்திலேதான்.

இவ்விடத்துப் பாணை வெறுமனே ஏகாதிபத்தியத்தின் சதியென்று கூறி அமைய முடியாது. பாண் எதனை மாற்றீடு செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிட்டோ இடியப்பமோ ஒரு வேளைக்குச் சமைக்கப்படுவதற்கு அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, அரித்து, வறுத்து, குழைத்து, அவிக்க வேண்டும். அவ்வேலை முழுவதும் பெண்ணுடையது. வசதியுள்ள வீடுகளில் அது ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணின் கூலியுழைப்பு. கணவனும் ஆண்மக்களும் உண்டபின் எஞ்சியதை உண்பதும் அவளது விதி. வீட்டுணவின் ‘ஆரோக்கியம்’ என நாம் போற்றுவதில் ஒரு பங்கு அவளது ஆரோக்கியத்திலிருந்து எடுக்கப்பட்டது. இந்தக் கணக்கைப் பார்க்கையில், காலையில் வாசலில் வந்திறங்கும் ஓர் இறாத்தல் பாண் பல பெண்களுக்கு இரண்டு மணி நேர உறக்கமாகும். இக்கட்டுரையாளனின் அம்மம்மா தம் இறுதிக்காலம் வரை உலக்கை பிடித்த கையின் காய்ப்பைக் காட்டுவார். ‘பாண் நல்ல சாமான்’ என்பது அவரது திடமான கருத்து.

சாதி தொடர்பாகவும் இவ்வாறே. யாழ்ப்பாணச் சமூகத்தில் யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்பது தீண்டாமையின் மையக் கேள்வி. கிராமத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோர் உள்ளே அமர இயலாது. வெளியே நின்று சிரட்டையிலோ தனியாக வைக்கப்பட்ட தகரப் பேணியிலோ போத்தலிலோ பெறவேண்டும். 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தும் நிலைமை மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21 இற் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலத்தின் பின்னரான போராட்டங்களிலேயே கோயிற் கதவுகளோடு தேநீர்க்கடைக் கதவுகளும் திறக்கப்பட்டன. கே. டானியலின் பஞ்சமர் (1972) நாவலுக்கு இப்போராட்டமே பொருள். சத்துக் குறைந்த சீனித் தேநீரையும் எண்ணெயில் ஊறிய வடையையும் ஒரு பொதுமேசையில் அமர்ந்து உண்ணும் உரிமைக்காக மனிதர் உயிர் கொடுத்தனர் என்பதை எந்தப் போசாக்கு அட்டவணையும் கூறாது. போறணையில் வெந்த பாணுக்குச் சமைத்தவரின் சாதி எழுதப்பட்டிருக்கவில்லை. சமபோசனத்தை மேடையிற் பேசியோர் பலர் வீட்டில் அதனைச் செய்யாதிருந்த காலத்தில், சந்தையின் முகமற்ற உணவு அதனை ஓரளவு செய்துவிட்டது. முதலாளித்துவத்தின் முரண்பட்ட பணி பற்றி மார்க்சியர் கூறுவதற்கு இதனிலும் எளிய உதாரணம் தேவையில்லை.

1970களின் முற்பகுதி தமிழ் மக்களிடையேயான வர்க்க, பிரதேச வேறுபாட்டை அப்பட்டமாக்கிய காலம். உலகச் சந்தையிற் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏற, அரசாங்கம் இறக்குமதியைச் சுருக்கியது. 1973 இறுதியில் அரிசி, மா, சீனி யாவற்றின் பங்கீடும் குறைந்தது. உணவுச்சாலைகளில் வாரத்திற் சில நாட்கள் சோறு விற்கத் தடை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டு செல்லத் தடை. வீதிச் சோதனைச் சாவடியில் அரிசிப் பொதி பிடிபட்ட கதைகள் இன்றும் முதியோர் வாயிற் கேட்கத்தக்கன. அதே வேளை, மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாகாமையால் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையிற் பணம் புரண்டது, கல்வீடுகள் எழுந்தன. மலையகத்திலோ, நிலமற்ற, கொல்லைப்புறமுமற்ற தொழிலாளி மாப் பங்கீட்டையே முற்றாக நம்பியிருந்தான். 1974 இற் தோட்டப்புற இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது. குழந்தைகளும் முதியோரும் மடிந்தனர். ஒரே மொழி பேசும் மக்களில் ஒரு பகுதியினர் செழித்த ஆண்டுகளில் மற்றொரு பகுதியினர் பட்டினி கிடந்தனர் என்பது நமது தேசிய வரலாறுகளில் உரிய இடம் பெறவில்லை. அந்த அரசாங்கத்தில் இடதுசாரிக் கட்சிகள் இரண்டு பங்காளிகளாக இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1977 இன் பின்னர் கதவுகள் திறந்தன. 1979 இற் பங்கீடு ஒழிந்து உணவு முத்திரை வந்தது; முத்திரையின் பெறுமதியோ பணவீக்கத்தோடு ஆண்டுதோறும் கரைந்தது. 1980 இல் திருகோணமலையில் சிங்கப்பூர் நிறுவனமொன்றின் மாபெரும் மாவாலை இயங்கத் தொடங்கியது. அரசு கோதுமையைக் கொடுக்கும், நிறுவனம் வெள்ளை மாவைத் திருப்பிக் கொடுக்கும், அரைகூலியாகத் தவிட்டை எடுத்துக்கொள்ளும் என்பது உடன்பாட்டின் சாரம். தானியத்தில் நாரும் விற்றமினும் செறிந்த பகுதி கூலியாகப் போய்விட, மாச்சத்து மக்களுக்கு எஞ்சியது. பெரிபெரிக் காலத்து ஆலையரிசியின் கதை வேறு தானியத்தில் மீண்டும் நிகழ்ந்தது. பால்மா, மென்பானம், பொதியில் அடைத்த விசுக்கோத்து ஆகியன தொலைக்காட்சி விளம்பரத்தோடு கிராமங்களை அடைந்ததும் இக்காலத்திலேயே.

வடக்கு கிழக்கில் இவ்வளர்ச்சியைப் போர் குறுக்கறுத்தது. 1990 இன் பொருளாதாரத் தடையின்கீழ் சீனி கிடைத்தற்கரியதாகவே, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிக்கும் வழக்கம் வசதி படைத்த வீடுகளுக்கும் திரும்பிற்று. பலர் சைக்கிளிலேயே பயணித்தனர். அக்காலத்திற் சீனி வருத்தம் குறைந்திருந்தது என்று சிலர் ஏக்கத்தோடு கூறக் கேட்டிருக்கிறேன். தடையினால் இன்சுலின் கிடையாது வருந்தியோரை அவர்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை. ‘பேக்கரி’ப் பெயர்ப்பலகைகள் ‘வெதுப்பகம்’ ஆகின. மா மாத்திரம் வழமைபோற் கப்பலில் வந்தது.

2005–06 இல் நடைபெற்ற தேசிய ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டெனவும், நீரிழிவுக்கு முந்திய நிலையினரையும் சேர்த்தால் ஐவரில் ஒருவருக்கு மேல் பாதிக்கப்பட்டுள்ளனர் எனவும் கண்டது. ‘தேசிய’ என்னும் அவ்வாய்வு ஏழு மாகாணங்களில் மாத்திரம் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. எனவே பசியும் சீனியும் மாறி மாறி வந்த அம்மக்களின் உடல்நிலை அக்கணக்கில் இல்லை. இஃது அற்பமான விடுபாடன்று. 1992 இல் ஹேல்ஸ், பார்க்கர் ஆகிய இருவரும் முன்வைத்த கருதுகோளின்படி, கருவிலும் சிசுப்பருவத்திலும் போசாக்குக் குன்றிய உடல் பற்றாக்குறைக்குத் தன்னை இசைவாக்கிக்கொள்கின்றது. பின்னர் மிகையுணவு கிடைக்கும்பொழுது அவ்வுடலே நீரிழிவுக்கு எளிதில் ஆளாகின்றது. இது சரியாயின், 1974 இன் லயங்களிலும் 1990களின் அகதி முகாம்களிலும் கருவுற்ற தாய்மாரின் பட்டினி, இன்று மருத்துவமனை வரிசையில் நிற்கும் நடுவயதினரின் இரத்தத்தில் இருக்கின்றது. அவர்களுக்கு வைத்தியர் வழங்கும் புத்திமதி, ‘வாயைக் கட்டுங்கள்’ என்பது.

மாற்றுணவு எனப் பரிந்துரைக்கப்படுவனவோ குரக்கன் மா, தவிடு நீக்காத சிவப்பரிசி, ஒடியல், கீரை என்பன. ஒரு காலத்தில் இழிவெனக் கருதப்பட்டவை இன்று அழகிய பொதிகளில் அங்காடித் தட்டுகளை அடைந்துவிட்டன. 2021 இல் இரசாயன உரத் தடையாலும் 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியமையாலும் எல்லா உணவும் விலையேறியபொழுது, இவற்றின் விலையும் பாணின் விலையும் தினக்கூலிக்காரனுக்கு ஒருசேர எட்டாமற் போயின. பல குடும்பங்கள் முட்டையையும் மீனையும் பாலையும் முதலில் விட்டன. சோறும் சம்பலும் எஞ்சின. எங்கெல்ஸ் காட்டிய வரிசை நூற்றெழுபத்தேழு ஆண்டுகளின் பின்னும் பிசகவில்லை.

இப்பொருள் பற்றி விரிவாக ஆராய விழைவோர்க்குரிய மூலங்கள் சிதறிக் கிடக்கின்றன. கூட்டுறவுச் சங்கங்களின் பதிவேடுகள், தோட்டக் களஞ்சியங்களின் அரிசிக் கணக்குகள், போறணைகளின் கடன் கொப்பிகள், குடும்பத் தலைவிகள் எழுதிவைத்த வீட்டுச் செலவுக் குறிப்புகள் என்பன எவராலும் முறையாகத் திரட்டப்படவில்லை. வடக்கிற் பல இடப்பெயர்வுகளில் அழிந்தன. மலையகத்திற் சில தோட்டங்களில் பழைய கணக்கேடுகள் இன்னும் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருப்பதாக அங்குள்ள ஆசிரிய நண்பர்கள் கூறுகின்றனர். எழுபதுகளில் மா வரிசையில் நின்ற பெண்கள் இன்று எழுபது, எண்பது வயதினர். அவர்களிடம் கேட்டெழுதும் பணியையாவது நமது மாணவர்கள் இவ்வாண்டு விடுமுறையிலேயே தொடங்கலாம்.